பழைய பிக்கப்புக்குப் பிளக் வாங்கும் முன் பழைய பிளக்கைப் பாருங்கள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் பிளக் மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் கேட்பது பிராண்டைத்தான். என்ஜிகே நல்லதா, டென்ஸோ நல்லதா, பாஷ் போடலாமா, இரிடியம் போட்டால் இழுவை கூடுமா, பிளாட்டினமே போதுமா. கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் கடைசியில். அதற்கு முன்னால், இப்போது இன்ஜினுக்குள் இருக்கிற பிளக் எது, அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைக் கழற்றிப் பார்க்காமல் புதுசை ஆர்டர் போடுவது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற மாதிரி.

புது வண்டியில் இவ்வளவு யோசனை வேண்டாம். மேனுவலில் ஒரு நம்பர் இருக்கும், அதை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. இருபது முப்பது வருஷம் ஓடிய பிக்கப் அப்படியில்லை. பல கை மாறியிருக்கும், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் போயிருக்கும், சில வண்டிகளில் இன்ஜினோ ஹெட்டோ (சிலிண்டருக்கு மேல்மூடியாக இருக்கிற, பிளக் திருகியிருக்கிற பகுதி) கூட மாறியிருக்கும். முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்த பிளக்கைப் போட்டு ஓட்டியிருப்பார். அதனால் உள்ளே இருப்பதுதான் சரியான பிளக் என்றும் நம்ப முடியாது, வண்டியின் வருஷத்தையும் மாடலையும் கொடுத்துக் கடையில் கேட்டால் வருவது சரியாக இருக்கும் என்றும் முழுசாக நம்ப முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

நான் பேசுவது பெட்ரோல் இன்ஜினைப் பற்றி மட்டும். டீசல் பிக்கப்பில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது க்ளோ பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காக எரியும் அறையைச் சூடாக்கிக் கொடுப்பது. வேலையும் வேறு, தேர்வும் வேறு.

சரி, கழற்றுவோம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் ஹெட்டில் இருக்கிற மரை பிய்த்துக்கொண்டு வரலாம், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் பல தடவை பிளக் மாற்றிவிடலாம். வயரைப் பிடித்து இழுக்காமல் வயரின் நுனியில் பிளக்கை மூடியிருக்கிற ரப்பர் உறையை, அதாவது பூட்டைப் (boot) பிடித்து அரைத் திருப்பு திருப்பி எடுங்கள். பிளக் இருக்கிற குழிக்குள் வருஷக் கணக்கான மண்ணும் இலைத் தூளும் இருக்கும், காற்றடித்து ஊதிவிட்டு அப்புறம்தான் சாக்கெட்டை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக் வெளியே வந்த நொடியில் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். ஓர் அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு நம்பர் எழுதிக் குத்தி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டால் அவை சொல்ல வந்ததில் பாதி போய்விடும்.

தீப்பொறி கிளம்புகிற நடுக் கம்பியான மைய எலெக்ட்ரோடைச் சுற்றி ஒரு பீங்கான் மூக்கு இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பாகவோ சாம்பல் கலந்த வெள்ளையாகவோ இருந்தால் இன்ஜின் ஒழுங்காக எரிக்கிறது, ஹீட் ரேஞ்சும் (பிளக் சூட்டை வெளியேற்றுகிற வேகம், பிறகு விளக்குகிறேன்) சரி. விரலில் ஒட்டுகிற காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது பிளக் தேவைக்கு மேல் குளிர்ந்த வகை, அல்லது வண்டி கிட்டத்திலேயே ஓடிச் சூடாவதற்குள் அணைக்கப்படுகிறது. பளபளப்பான ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் அப்படி இருந்தால் அங்கே எண்ணெயைத் தடுக்கிற வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள், எந்தப் பிளக் வாங்கினாலும் அது தீராது. மூக்கு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் வெடித்து, எலெக்ட்ரோடு உருகின மாதிரி தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும். பெட்ரோல் குறைவாகப் போகலாம், தீப்பொறி வருகிற டைமிங் அதிகமாக முன்னேறியிருக்கலாம், கூலிங் சரியில்லாமல் இருக்கலாம், பிளக் சூடான வகையாகவும் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிளக் போட்டு லோடு ஏற்றினால் அடுத்து உருகப் போவது பிஸ்டன்.

பீங்கானின் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் இரும்பு உடம்புக்குள் நுழைகிற இடத்தில் சில சமயம் ஒரு பழுப்பு வளையம் தெரியும், தேநீர்க் கோப்பையில் படிகிற கறையின் நிறத்தில். சிலிண்டர் கேஸ் லீக் ஆகிறது, பிளக் செத்துவிட்டது என்று அதைப் பார்த்துப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது லீக் இல்லை. உயர் மின்னழுத்தம் அந்த விளிம்பைச் சுற்றியுள்ள காற்றை மின்னேற்றம் செய்யும்போது காற்றில் மிதக்கிற எண்ணெய்த் துகள்கள் இழுபட்டு அங்கே ஒட்டுகின்றன. கொரோனா கறை என்பார்கள், பிளக்குக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கெடுதல், பீங்கானின் நீளவாக்கில் மேலிருந்து கீழே பென்சிலால் கிழித்தது மாதிரி ஓடுகிற மெல்லிய கறுப்புக் கோடு. மின்சாரம் இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியான கேப்பைத் தாண்டாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி எர்த் ஆகியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பீங்கானில் வரிவரியாக மேடு வைத்திருப்பதே அந்த வழியை நீளமாக்கத்தான். அந்தக் கோட்டைப் பார்த்தால் பிளக்கோடு பூட்டையும் வயரையும் சேர்த்து மாற்றுங்கள், ஏனென்றால் பூட்டின் உள்பக்கத்திலும் அதே கோடு இருக்கும், அது புதுப் பிளக்கையும் அதே வழிக்கு இழுக்கும்.

பழசைப் பார்த்தாயிற்று. இனி அளவு. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. நிறைய பிக்கப்களில் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். ஆபத்து நீளத்தில்தான். 12.7, 19, 26.5 மில்லிமீட்டர் என்று மரைப் பகுதியின் நீளம் வேறுபடும், விட்டம் ஒன்றாக இருப்பதால் தப்பான நீளமும் சமர்த்தாகத் திருகிக்கொண்டு உள்ளே போய்விடும். நீளம் கூடினால் மரை எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டு சூடேறும், அதில் கரி பிடித்தால் திரும்ப வெளியே எடுக்கும்போது ஹெட்டின் மரையையும் அரைத்துக்கொண்டு வரும், ரொம்ப நீண்டுவிட்டால் பிஸ்டனே வந்து இடிக்கும். குறைந்தால் தீப்பொறி குழிக்குள் மறைந்து எரியும், ஹெட்டில் காலியாக இருக்கிற மரையில் கரி இறுகும், பிற்பாடு சரியான நீளத்தில் பிளக் போடப் போனால் ஏறாது.

அடுத்தது உட்காருகிற இடம். ஒரு வகைக்கு வாஷர் உண்டு, தட்டையான பரப்பில் உட்காரும். இன்னொரு வகைக்கு வாஷர் கிடையாது, கூம்பு மாதிரிச் சரிந்திருக்கும் உடம்பே ஹெட்டில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய ஃபோர்டு, செவ்ரோலே பிக்கப்களில் இந்தக் கூம்பு வகையை நிறையப் பார்க்கலாம். ஒன்றுக்கு இன்னொன்று போடவே கூடாது. செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 மாதிரி இன்ஜின்களில் 1970களின் தொடக்கத்தை ஒட்டி ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறினார்கள், ஹெட் மாற்றப்பட்ட வண்டி என்றால் வண்டியின் வருஷம் ஒன்று சொல்லும், ஹெட் வேறொன்று சொல்லும். ஹெட் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஹீட் ரேஞ்ச் என்ற பெயரைக் கேட்டதும் சூடான பிளக் அதிகச் சூடான தீப்பொறி கொடுக்கும் என்று தோன்றும். தீப்பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூக்கில் ஏறுகிற சூட்டைப் பிளக் எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் ஹீட் ரேஞ்ச். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும், அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் சட்டென்று கடந்துவிடும், அது குளிர்ந்த பிளக். மூக்கின் நுனி சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருந்தால் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் தீப்பொறி வருவதற்கு முன்பே நுனியே பெட்ரோல் கலவையைப் பற்ற வைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை நிறுத்தி வைப்பதுதான் சரியான ஹீட் ரேஞ்ச். ஒரு படி மாற்றினால் நுனியின் வெப்பம் சுமாராக 70 முதல் 100 டிகிரி வரை மாறும், அதனால் ஒரு படி என்பது சின்ன விஷயமில்லை.

இதில் நம்பர் ஒரு பெரிய குழப்பம். என்ஜிகேவிலும் டென்ஸோவிலும் எண் ஏற ஏறப் பிளக் குளிரும். பாஷ், சாம்பியன், ஏசி டெல்கோ, ஆட்டோலைட் ஆகியவற்றில் எண் ஏற ஏறச் சூடாகும். என்ஜிகேவில் 5 என்பது டென்ஸோவில் 16, என்ஜிகேவில் 6 என்பது டென்ஸோவில் 20. ஆக ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நம்பரை மனக்கணக்குப் போடாதீர்கள். தயாரிப்பாளரே வெளியிடும் பட்டியலில் உங்கள் இன்ஜினை நேரடியாகத் தேடுங்கள். இந்த நம்பருக்கு அந்த நம்பர் சமம் என்று போடுகிற ஒப்பீட்டு அட்டவணைகள் வழிகாட்ட உதவும், முடிவெடுக்க உதவாது. மரையும் நீளமும் பொருந்தினால் சமம் என்று போட்டுவிடுவார்கள், மூக்கு எவ்வளவு தூரம் அறைக்குள் நீள்கிறது என்பது வேறாக இருக்கும்.

(சாம்பியன், ஏசி இரண்டுமே ஆல்பர்ட் சாம்பியன் என்ற ஒரே மனிதர் தொடங்கியவை. பிரான்சிலிருந்து அமெரிக்கா போன சைக்கிள் பந்தய வீரர். முதல் கம்பெனியை விட்டு வெளியேறியபோது தன் பெயரை அங்கேயே விட்டுவிட வேண்டியிருந்ததால், அடுத்த கம்பெனியின் பிளக்கில் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் ஏசி டெல்கோவில் இருக்கிற ஏசி அதுதான்.)

பழைய இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது, பிளக் சீக்கிரம் கறுக்கிறது, ஒரு படி சூடான பிளக் போடலாமா? பலர் இந்த யோசனையைச் சொல்வார்கள். லேசான வேலைக்கு மட்டும் ஓடுகிற வண்டியில் கொஞ்ச காலம் அது தாங்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் பிக்கப் என்பது லோடு ஏற்றவும் டிரெய்லர் இழுக்கவும் வாங்கியது. வெயிலில், ஏற்றத்தில், முழு லோடில் இழுக்கும்போது அதே பிளக் எல்லை தாண்டிச் சூடாகும். எண்ணெய் குடிக்கிற இன்ஜினுக்கு, தொழிற்சாலை சொன்ன ஹீட் ரேஞ்சிலேயே விலை குறைந்த நிக்கல் பிளக்கைப் போட்டு அடிக்கடி மாற்றுவது மேல் என்பது என் முடிவு. லோடு இழுப்பதற்காக ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவதும் அப்படித்தான், அந்த இன்ஜினுக்கு அதன் மேனுவலே அப்படிச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

இனி உலோகத்துக்கு வரலாம். காப்பர் பிளக் என்று எல்லோரும் சொல்கிற பிளக்கின் நுனி செம்பு கிடையாது. செம்பு மையத்தில் சூட்டைக் கடத்துவதற்காக இருக்கிறது, தீப்பொறி தொடுகிற இடம் நிக்கல் கலவை. செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும், வெளியே வைத்தால் தாங்காது. நிக்கல் 1455, பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. உருகுநிலை கூடக் கூட எலெக்ட்ரோடை ஒல்லியாகச் செய்யலாம். சாதாரண நிக்கல் பிளக்கின் மைய எலெக்ட்ரோடு 2.5 மில்லிமீட்டர், இரிடியத்தில் 0.6 வரை, சிலவற்றில் 0.4 வரை கூட இறங்கியிருக்கிறார்கள். ஒல்லியான நுனியிலிருந்து தீப்பொறி கிளம்பக் குறைந்த மின்னழுத்தம் போதும், கூடவே அது சீக்கிரம் தேயாது. இரிடியத்தின் உண்மையான லாபம் இந்த இரண்டும்தான். நல்ல நிலையில் இருக்கிற நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டால் குதிரைசக்தி ஏறாது. தேய்ந்துபோன நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டவர்தான் வண்டி பறக்கிறது என்பார், அவர் புது நிக்கல் பிளக் போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பழைய பிக்கப்புக்கு இரிடியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிளக்கை எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். சாலிடான நான்கு சிலிண்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் அல்லது பழைய இன்ஜெக்ஷன், பானெட்டைத் திறந்தால் எல்லாப் பிளக்கும் கண்ணுக்கு நேராக நிற்கிறது என்றால் நிக்கல் போதும், 30,000 முதல் 50,000 கிலோமீட்டருக்குள் மாற்றிக்கொண்டே போகலாம், அந்தச் சாக்கில் இன்ஜினின் உடல்நிலையும் தெரியும். பின்பக்கச் சிலிண்டர்கள் கேபினுக்கு அடியில் ஒளிந்திருக்கிற வி8, தொழிற்சாலையிலேயே நீண்ட ஆயுள் பிளக்கோடு வந்த இன்ஜின் என்றால் பிளாட்டினமோ இரிடியமோ போடுங்கள், தயாரிப்பாளர்கள் அவற்றுக்கு 1,60,000 கிலோமீட்டர் வரை கூடச் சொல்கிறார்கள். ஆனால் ஹெட்டும் பிளக்கும் அவ்வளவு காலம் ஒன்றாகவே இருந்தால் மரை ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து, பாதித் தூரத்தில் ஒரு தடவை கழற்றிப் பார்த்துத் திரும்பப் போடுவது நல்லது.

நான் ஓட்டுவது 22ஆர்-ஈ இன்ஜின் போட்ட டொயோட்டா பிக்கப். அதற்கு என்ஜிகேவில் பிபிஆர்5ஈஒய், டென்ஸோவில் டபிள்யூ16ஈஎக்ஸ்ஆர்-யு, கேப் 0.8 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரு பூதக்கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் அழகாக இருக்கும். என்ஜிகேவில் மைய எலெக்ட்ரோடின் நுனியில் வி வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், டென்ஸோவில் மையம் தட்டையாக இருக்கும், எதிரே வளைந்து நிற்கிற பக்க எலெக்ட்ரோடில் யு வடிவத்தில் பள்ளம் ஓடும். நோக்கம் ஒன்றுதான். கூர்மையான விளிம்பிலிருந்து தீப்பொறி சுலபமாகத் தாவும், பள்ளம் அந்த விளிம்புகளைக் கொடுக்கிறது, பிறந்த சுடர் குளிர்ந்த உலோகத்தில் மோதி அணைந்துவிடாமல் வளர இடமும் கொடுக்கிறது. ஓடி ஓடிக் கழற்றின பிளக்கில் அந்த விளிம்புகள் ஆற்றுக் கூழாங்கல்லாக மழுங்கியிருக்கும். கேப்பை அளந்து திரும்ப 0.8க்குக் கொண்டு வரலாம், மழுங்கின விளிம்பைத் திரும்பக் கொண்டு வர முடியாது. அதனால்தான் பழைய பிளக்கை பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அந்த என்ஜிகே நம்பரைப் பிரித்துப் படித்தால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. முதல் பி, 14 மில்லிமீட்டர் மரையும் 20.8 மில்லிமீட்டர் ஸ்பேனரும். அடுத்த பி, மூக்கு அறைக்குள் கொஞ்சம் நீண்டிருக்கும். ஆர், உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 5, ஹீட் ரேஞ்ச். ஈ, 19 மில்லிமீட்டர் நீளம். ஒய், நான் சொன்ன வி பள்ளம். கடைசியில் -11 என்று இருந்தால் கேப் 1.1 மில்லிமீட்டர்.

அந்த ஆர் எழுத்தை விட்டுவிடாதீர்கள். ரெசிஸ்டர் பொதுவாக 5,000 ஓம் அளவில் இருக்கும், தீப்பொறி எழுப்புகிற ரேடியோ இரைச்சலை அடக்குவதுதான் அதன் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகான வண்டிகளில் இரைச்சல் ரேடியோவோடு நிற்காமல் சென்ஸார் சிக்னலிலும் கலக்கும், காரணம் தெரியாமல் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு முந்தைய, பாயிண்ட் என்ற தொடுமுனை வைத்த மிகப் பழைய வண்டியில் ரெசிஸ்டர் இல்லாத பிளக் வந்திருக்கலாம், அதில் ரெசிஸ்டர் பிளக் போட்டாலும் கெடுதல் எதையும் நான் பார்த்ததில்லை. தலைகீழாக மட்டும் செய்யாதீர்கள்.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிற காயில் (coil) எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும், இது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்து அடிக்கிற அமைப்பு 1990களின் பிக்கப்களில் சகஜம். அதில் ஒரு பிளக்கில் தீப்பொறி மையத்திலிருந்து பக்க எலெக்ட்ரோடுக்கும், ஜோடிப் பிளக்கில் பக்கத்திலிருந்து மையத்துக்குமாகத் தாவும். ஆக ஒன்றில் மையம் தேயும், இன்னொன்றில் பக்கம் தேயும். மையத்தில் மட்டும் பிளாட்டினம் பதித்த பிளக்கை எல்லாவற்றிலும் போட்டால் பாதி சிலிண்டரில் அந்தப் பிளாட்டினத்தால் பிரயோஜனம் இல்லை, பக்க எலெக்ட்ரோடு நிக்கல்தானே, தேய்ந்துகொண்டே போகும். அதற்கு இரண்டு பக்கமும் பதித்த டபுள் பிளாட்டினம் வாங்க வேண்டும். 3.4 லிட்டர் வி6 போட்ட பழைய டொயோட்டா டக்கோமாவும் இந்த அமைப்புதான், ஆனால் அதற்குத் தொழிற்சாலை கொடுத்தது பக்க எலெக்ட்ரோடு இரண்டு வைத்த நிக்கல் பிளக். இரண்டு கொம்பு இருப்பதால் இரண்டு தீப்பொறி வராது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் தாவும், தேய்மானம் இரண்டுக்கும் பங்கு பிரிகிறது, அவ்வளவுதான். நான்கு கொம்பு பிளக்கை நான்கு மடங்கு சக்தி என்று விற்கிறவர்களை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கேப் விஷயத்தில் பெட்டியில் எழுதியிருக்கிறதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கேப் கூடினால் தீப்பொறி நீளும், நல்லதுதான், ஆனால் அதைத் தாண்ட மின்னழுத்தமும் கூட வேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது இன்னும் கூட வேண்டும். அதனால்தான் தேய்ந்த பிளக் போட்ட வண்டி சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடி, லோடோடு மேடு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது. பழைய காயிலுக்கு அந்த மின்னழுத்தம் கொடுக்கிற தெம்பு குறைந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாயிண்ட் இக்னிஷன் காலத்தில் செவ்ரோலே வி8க்கு 0.9 மில்லிமீட்டர் வைத்தார்கள், 1975இல் ஜெனரல் மோட்டார்ஸ் எச்இஐ என்ற எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு வந்ததும் 1.1ம் அதற்கு மேலும் வைத்தார்கள். பழைய வண்டிக்கு யாராவது எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றியிருந்தால் அந்த கிட்டோடு வந்த தாள் சொல்கிற கேப்பைத்தான் வைக்க வேண்டும். தொழிற்சாலையே பிற்பாடு எண்ணை மாற்றியதும் உண்டு. 5.3 லிட்டர் செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப் இன்ஜின்களுக்கு முதலில் 1.5 மில்லிமீட்டர் சொல்லிவிட்டு அப்புறம் 1.0க்குக் குறைத்தார்கள். பழைய மேனுவலில் 1.5 என்றுதான் இருக்கும், அதை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நிக்கல் பிளக்கில் பக்க எலெக்ட்ரோடை மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியத்தில் கேப் அளப்பதற்கு நாணயம் மாதிரி வட்டமாக இருக்கிற கேஜைச் செருகி நெம்பவே கூடாது, அந்த ஒல்லி நுனி கடினமானது, ஆனால் பொட்டென்று உடையும். கம்பி கேஜில் அளந்து பாருங்கள், சரியில்லை என்றால் பக்க எலெக்ட்ரோடை மட்டும் தொடுங்கள், நடுவைத் தொடாதீர்கள்.

சில இன்ஜின்களைப் பெயர் சொல்லிப் பேச வேண்டியிருக்கிறது. 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150இல் 5.4 லிட்டர் மூன்று வால்வ் இன்ஜினின் பிளக் இரண்டு துண்டாகச் செய்து சேர்த்தது. நீண்ட கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கரி இறுகிக்கொள்ளும், திருகும்போது மேல்பகுதி கையோடு வந்துவிடும், கீழ்ப்பகுதி ஹெட்டுக்குள் நின்றுவிடும். ஆறிய இன்ஜினில் லேசாக அசைத்து, கார்பன் கிளீனர் விட்டு ஊற வைத்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். போடும்போது ஒரே துண்டாகச் செய்த மாற்றுப் பிளக்கை வாங்குங்கள். அதற்கு முந்தைய இரண்டு வால்வ் ட்ரைடன் இன்ஜின்களில் வேறு பிரச்சினை, ஹெட்டில் பிளக்கைப் பிடிக்கிற மரை மிகக் குறைவு, பிளக் மரையோடு பிய்த்துக்கொண்டு வெளியே பறந்த சம்பவங்கள் ஏராளம். அங்கே இறுக்குகிற அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் வேலையைத் தொடவே வேண்டாம். டாட்ஜ் ராமின் 5.7 லிட்டர் ஹெமி, 2003 தொடங்கி, ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 16. 1989 முதல் 1997 வரை வந்த ஃபோர்டு ரேஞ்சரின் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டருக்கு 8. எட்டு சிலிண்டர் தானே என்று எட்டு வாங்கி, நான்கு சிலிண்டர் தானே என்று நான்கு வாங்கிப் பாதியில் நிற்காதீர்கள்.

எந்த பிராண்டு என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இன்ஜின் வடிவமைத்தபோது எந்தத் தயாரிப்பாளரின் பிளக்கோடு வந்ததோ, முதலில் அதையே தேடுவேன். ஜப்பான் இன்ஜினுக்கு டென்ஸோ அல்லது என்ஜிகே, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஏசி டெல்கோ, ஃபோர்டுக்கு மோட்டார்கிராஃப்ட். மற்ற பிராண்டுகள் மட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. மூக்கின் நீளம், ஹீட் ரேஞ்ச், கேப் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் பொருந்துகிற இன்னொன்று தாராளமாகப் போடலாம். பிராண்டைவிட எனக்குப் பயம் போலிகளைப் பற்றித்தான், அதிகம் விற்கிற பிளக்குகளுக்குத்தான் போலியும் அதிகம். பீங்கானில் எழுத்து மங்கலாக இருந்தாலோ, பக்க எலெக்ட்ரோடு நடுவிலிருந்து விலகி நின்றாலோ, ஒரே பெட்டியில் கேப் ஆளுக்கொரு அளவில் இருந்தாலோ, வாஷர் தானாகக் கழன்று விழுந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். கையால்தான் ஏற்ற வேண்டும். குழி ஆழமாக இருந்தால் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி அதைப் பிடித்துத் திருகுங்கள், மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கும், ஹெட் பிழைக்கும். வாஷர் வகை அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், கூம்பு வகை 10 முதல் 20, உங்கள் இன்ஜினின் மேனுவல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், கையால் இறுகினதும் புது வாஷர் பிளக்குக்கு அரைச் சுற்று, கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு. அது கண்ணுக்கே தெரியாத அளவு, பலர் அங்கேதான் அதிகமாக முறுக்குகிறார்கள். மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் என்ற பசை பூசலாமா என்றால், முலாம் பூசி வருகிற இன்றைய பிளக்குகளுக்கு வேண்டாம் என்று என்ஜிகே சொல்கிறது. வழவழப்பு கூடுவதால் அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். பூட்டுக்குள் மட்டும் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினால் சிலிண்டர்கள் எரிகிற வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், குழம்பாது. கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

போட்ட பிறகு பானெட்டுக்கு அடியில் பிளக் நம்பர், கேப், தேதி, ஓடிய கிலோமீட்டர் நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து அந்த வண்டியைத் திறக்கிறவருக்கு அது பெரிய உதவி. சில வாரம் வழக்கம்போல லோடோடும் லோடில்லாமலும் ஓட்டின பிறகு ஒன்றிரண்டு பிளக்கையாவது கழற்றி நிறத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெளிர் பழுப்பு என்றால் தேர்வு சரி. எல்லாமே கறுப்பு என்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள், ஏர் ஃபில்டர், சோக், ஆக்ஸிஜன் சென்ஸார். ஒன்று மட்டும் கறுப்பு என்றால் அந்தப் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கறுப்பு பிளக்கோடு சேர்ந்து போனால் பிளக்கில் கோளாறு. பழைய சிலிண்டரிலேயே கறுப்பு தங்கிவிட்டால் முதலில் அந்த சிலிண்டரின் வயரையும் காயிலையும் பாருங்கள், அவை சரி என்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் டெஸ்ட் போடுங்கள்.